"உலகிலேயே" என்று எழுதினால் எங்கே அளந்தீர்கள் என்றும் எழுதுங்கள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட ஸ்லைடு செய்துகொண்டு வந்தான். "ஏன் போஸ்ட்கிரெஸ்?" என்று தலைப்பு. கீழே பெரிய எழுத்தில் ஒரே வரி: உலகின் மிக முன்னேறிய ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவங்க சைட்லயே போட்டிருக்காங்கண்ணா."

பதினைந்து வருடமாக டேட்டாபேஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. போஸ்ட்கிரெஸ் மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அதனாலேயே அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றால் விற்க வந்தவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளும் சின்னக் கம்பெனிக்கு அந்த ஒற்றை வரிதான் விற்பனையாளர். அதை நம்பித்தான் அவர்கள் ஊர்ப்பட்ட கணக்கு வழக்கையும் அதற்குள் போடுகிறார்கள்.

அதன் போட்டி டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் பக்கம் போனால் "உலகின் மிகப் பிரபலமான ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்" என்று இருக்கும். சரி, யாரைக் கேட்டு? டேட்டாபேஸ்களை வரிசைப்படுத்தும் டிபி-எஞ்சின்ஸ் பட்டியலில் அது பல வருடமாக போஸ்ட்கிரெஸுக்கு மேலேதான் இருக்கிறது. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2023 கணக்கெடுப்பிலோ போஸ்ட்கிரெஸ் அதை முந்திவிட்டது. இரண்டும் பொய்யில்லை. முதலாவது இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது, எத்தனை வேலை விளம்பரத்தில் வருகிறது என்றெல்லாம் பார்க்கிறது. இரண்டாவது புரோகிராமர்களிடம் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நேராகக் கேட்கிறது. எந்த அளவுகோல் என்று சொல்லாதவரை "பிரபலம்" என்ற சொல்லுக்கு எடையே இல்லை.

இதை ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸைப் பாருங்கள். உங்கள் போனுக்குள் இப்போதே அது ஓடிக்கொண்டிருக்கிறது. உலகில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் எஸ்க்யூலைட் கோப்புகள் இருக்கக்கூடும் என்கிறார்கள். கேட்டால் தலை சுற்றும். ஆனால் கணக்கைப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்: 400 கோடிக்கு மேல் ஸ்மார்ட்போன்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கோப்புகள். பெருக்கிப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம், சண்டையும் போடலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய இன்னொரு வரி: "ஃபைல் சிஸ்டத்தைவிட 35% வேகம்." சின்னச் சின்னப் படங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைப்பதைவிட எஸ்க்யூலைட்டுக்குள் வைத்துப் படித்தால் வேகம் என்று அர்த்தம். முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. கீழே போனால் முழுச் செய்முறையும் இருக்கிறது. 8,000 முதல் 12,000 பைட் வரை அளவுள்ள ஒரு லட்சம் துண்டுகள், என்னென்ன மெஷின்கள், சோதனை புரோகிராமின் சோர்ஸ், அதை ஓட்டும் கட்டளைகள். 35 என்பது தோராயம்தான், மெஷினுக்கு மெஷின் மாறும் என்றும் எழுதியிருக்கிறார்கள். காரணமும் சொல்கிறார்கள்: தனிக் கோப்பு என்றால் ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டும், டேட்டாபேஸ் என்றால் ஒரே தடவை திறந்தால் போதும். அதையும் "நாங்கள் அப்படி நினைக்கிறோம்" என்ற அடக்கத்தோடு சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். 35 வரவில்லை, குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் எஸ்க்யூலைட்தான் முந்தியது. அன்றிலிருந்து அவர்கள் வேறு எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறேன்.

இப்படி ஓட்டிப் பார்ப்பதே ஒரு சுதந்திரம். 1980களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட்டும் சக ஆய்வாளர்களும் டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு அளந்தார்கள். விலைக்கு விற்கப்படும் டேட்டாபேஸான ஆரக்கிளுக்கு அதில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, எங்கள் அனுமதி இல்லாமல் வேக அளவீடுகளை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை ஆரக்கிளின் லைசென்ஸில் ஏறியது. மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. இன்றும் அதற்கு டிவிட் நிபந்தனை என்றே பெயர். ஓப்பன் சோர்ஸில் அந்தப் பூட்டு கிடையாது. யாரும் அளக்கலாம், அளந்ததை ஊரறியச் சொல்லலாம். அப்படியிருந்தும் ஆதாரம் இல்லாத வரியைத் தலையில் சூடிக்கொண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மாங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் விஷயத்தில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கைல் கிங்ஸ்பரி என்பவர் ஜெப்சன் என்ற பெயரில் டேட்டாபேஸ்களை நெட்வொர்க் அறுந்து, சர்வர் விழும் நிலையில் சோதித்து வருகிறார். ஜெப்சனின் பெயரைக் காட்டியே மாங்கோடிபி நிறுவனம், எங்கள் டேட்டா பாதுகாப்பு மிக வலுவானவற்றில் ஒன்று என்று எழுதியது. 2020 மே மாதம் அவர் 4.2.6 பதிப்பை மறுபடி சோதித்தார். இருப்பதிலேயே கடுமையான அமைப்பை வைத்தும், பல மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும் டிரான்ஸாக்‌ஷன்கள் சொன்னபடி நடக்கவில்லை. நாம் எதையும் மாற்றாவிட்டால் இருக்கும் இயல்பான அமைப்போ அப்போது இன்னும் பலவீனம். ஒரே ஒரு சர்வரில் எழுதியதுமே "பதிவாகிவிட்டது" என்று பதில் வந்துவிடும். மற்ற சர்வர்களுக்கு நகல் போவதற்குள் அது விழுந்தால், பதிவானதாகச் சொன்ன டேட்டாவே காணாமல் போகலாம். ரசீது கையில் இருக்கும், பேரேட்டில் வரவு இருக்காது. 2021-ல் வந்த 5.0 பதிப்பில்தான், பெரும்பான்மை சர்வர்களில் எழுதிய பிறகே பதில் என்பது இயல்பானது.

போஸ்ட்கிரெஸும் தப்பவில்லை. அடுத்த மாதமே ஜெப்சன் 12.3 பதிப்பைச் சோதித்து, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோலவே முடியும் என்று உறுதி தரும், அதன் உச்சபட்ச பாதுகாப்பு நிலையான சீரியலைசபிளில் ஓட்டையைக் கண்டுபிடித்தது. 2011-ல் 9.1 பதிப்பில் அந்த வசதி வந்த நாளிலிருந்தே இருந்த ஓட்டை. ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படவில்லை. போஸ்ட்கிரெஸ்காரர்கள் மழுப்பாமல் ஒப்புக்கொண்டு உடனே சரிசெய்தார்கள். அந்த ஆகஸ்ட் வெளியீட்டில் திருத்தம் எல்லோர் கைக்கும் வந்தது. "மிக முன்னேறிய" என்ற வரியைவிட இந்த ஒரு நிகழ்ச்சிதான் எனக்குப் பெரிய விளம்பரம்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அப்புறம் இருவரும் போஸ்ட்கிரெஸ் தளத்தின் அறிமுகப் பக்கத்தைத் திறந்தோம். அங்கே அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்: டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் 2023 தரநிலை கட்டாயமாகக் கேட்கும் 177 அம்சங்களில் குறைந்தது 170 எங்களிடம் உண்டு, முழுவதையும் நிறைவேற்றும் டேட்டாபேஸ் இன்றைக்கு எதுவுமே இல்லை.

"இவ்வளவு நல்ல வரி இங்க இருக்கே, இதையா முன்னால போடல?" என்றான் தம்பி.

இன்று காலை ஸ்லைடை மாற்றி அனுப்பியிருக்கிறான். பெரிய எழுத்தில் 170 / 177. விடுபட்ட ஏழும் நம் வேலைக்குத் தேவையா என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறானாம், மதியத்துக்குள் சொல்கிறேன் என்றான்.