நடுவில் தொங்கும் கம்பி

போட்டோ எடுக்கும்போது பின்னணித் திரையை மாட்டுகிற பேக்டிராப் ஸ்டாண்டு விற்பவர்கள் உயரம், அகலத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எவ்வளவு எடை தாங்கும் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னணிக்கு வைக்கிற 2.72 மீட்டர் அகலப் பேப்பர் ரோலை மாட்டிப் பாருங்கள். துண்டு துண்டாகச் சேர்த்த அந்த மெல்லிய குறுக்குக் கம்பி நடுவில் வில்லாக வளைகிறது. பேப்பர் சுருங்குகிறது, பக்கவாட்டில் லைட் வைத்தால் ஒவ்வொரு சுருக்கமும் படத்தில் நிழலாக விழுகிறது.

டிரைபாட் மட்டும் என்ன? பெரும்பாலும் நடுத்தண்டை முழுக்க ஏற்றிய உயரத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். அப்படி ஏற்றினால் கேமரா ஆடும். அப்புறம் எதற்கு அந்தக் கணக்கு?

எனக்கு ஆத்திரமே ஸ்டாண்டு சாயாமல் பிடிக்கிற மணல் பை விஷயத்தில்தான். ஃபேன் காற்றுக்கே சாய்கிற ஸ்டாண்டு, அதன் கீழே கைக்குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். காலில் வைக்கும் பையைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தால் என்ன?