ஓட்டிசம் வளர்ப்புக் குறையால் வருவதில்லை: ஒரு குரல் பதிவுக்கு உண்மை விளக்கம்

"தாய் தகப்பன் செல்லம் கொடுத்ததால்தான் பிள்ளைக்கு ஓட்டிசம். அதனால்தான் பெற்றோருக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். ரெண்டு அடி போட்டால் கத்தல் நிற்கும்." திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல் பதிவு இப்படிச் சொல்கிறது. மூன்றுமே பொய்.

ஓட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது. அதில் மரபணுவின் பங்கு பெரிது. தாயின் பாசக்குறைவே காரணம் என்று ஒருகாலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே சொன்னதுண்டு. 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபின் பங்கைக் காட்டியது. அந்தப் பழியை இன்னும் நம் தாய்மார் தலையில் கட்டுவது பெரிய அநியாயம்.

சரி, பெற்றோருக்கு ஏன் பயிற்சி? நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்கள்தானே. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அலற, மூன்று வயதுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து கத்துகிறது. அது அடமில்லை, தாங்க முடியாத சத்தம். பயிற்சி பெற்ற தாய், பிள்ளை காதைத் தொடத் தொடங்கும்போதே கவனித்து, சத்தமில்லாத பக்கம் கூட்டிப்போவார். பக்கத்தில் குந்தியிருந்து, "சத்தம் கூட. பயமா இருக்கு" என்று மெதுவாகச் சொல்வார். அதற்குமேல் பேச்சில்லை. அடித்தால் பயம்தான் கூடும்.

உலக சுகாதார நிறுவனமும் வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இத்தகைய பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. இது ஓட்டிசத்தை மாற்றும் மருந்தல்ல.

பிள்ளையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள்.