ஒண்டிக்கட்டைக்கு ஒன்பது யூனிட்

(சார் புதிதாக வாங்கிய ஃப்ளாட். உள் அலங்காரம் செய்யவந்த தம்பி லேப்டாப்பில் வரைபடம் காட்டுகிறார்.)

தம்பி: ஜன்னல் பக்கம் ட்ரெஸ்ஸிங் டேபிள் சார். மேடத்துக்கு.

சார்: எந்த மேடம்? லோன் கொடுத்த பேங்க் மேடமா? அவர் எதற்கு இங்கே வந்து தலை வாருகிறார்?

தம்பி: ஐயோ, வரப்போகிற மேடம் சார்.

சார்: எனக்கு 43 வயது தம்பி. வரவேண்டியதெல்லாம் வந்து போய்விட்டது, முடி உட்பட.

தம்பி: அப்படிச் சொல்லக்கூடாது சார். (லேப்டாப்பைத் திருப்புகிறார்.) நுழைந்ததும் ஷூ யூனிட். எதிரே டிவி யூனிட். அப்புறம் கிராக்கரி யூனிட், பூஜா யூனிட்... மொத்தம் ஒன்பது யூனிட்.

சார்: முதல் 100 யூனிட் இலவசம்தானே?

தம்பி: அது கரண்டுக்கு சார். இது ஆறேகால் லட்சம்.

சார்: விளம்பரத்தில் 560 சதுர அடி. உள்ளே அளந்தால் 385. மிச்சம் லிஃப்டும் படிக்கட்டும். இதில் ஒன்பது யூனிட்டை இறக்கினால் நான் லிஃப்டில்தான் படுக்கவேண்டும். அதுவும் நான் காசு கொடுத்த இடம்தான், சரி. இது என்ன, மேலே?

தம்பி: ஃபால்ஸ் சீலிங் சார். எட்டு இன்ச்தான் இறங்கும். மேடம் விரும்புவார்கள்.

சார்: ஒன்பதரை அடி உயரத்துக்கு இருபது வருஷம் தவணை கட்டுகிறேன். அதில் எட்டு இன்ச்சை நீ திருப்பி எடுத்துக்கொள்கிறாயா? ப்ளைவுட் என்ன போட்டிருக்கிறாய்? டிவிக்குப் பின்னால் தண்ணீர் தாங்கும் 710, சிங்க்குக்குக் கீழே சாதாரண 303. டிவியைத் தண்ணீரிலா வைக்கப்போகிறேன்?

தம்பி: வேளச்சேரி சார். டிசம்பர் வருமே.

சார்: மூன்றாவது மாடி!

தம்பி: சரி சார், மாற்றிவிடுகிறேன். வார்ட்ரோபில் மேடத்துக்கு எந்த கலர்...

சார்: பதினெட்டு வருஷம் இந்த ஊரில் வாடகைக்கு வீடு கேட்டேன். "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் கடனை உடனை வாங்கி இதை வாங்கினேன். இங்கேயும் ஃபேமிலிக்கு மட்டும்தானா? உன் படத்தில் நான் எங்கே இருக்கிறேன்? என் ஈரத்துண்டு எங்கே காயும்? தண்ணீர் கேன் எங்கே நிற்கும்?

(தம்பி படத்தைப் பெரிதாக்கித் தேடுகிறார். கிடைக்கவில்லை.)

சார்: நீ எங்கே தங்கியிருக்கிறாய்?

தம்பி: திருவல்லிக்கேணி மேன்ஷன் சார். எட்டுக்குப் பத்து ரூம். மூன்று பேர்.

சார்: துண்டு எங்கே காயப்போடுவாய்?

தம்பி: ஜன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்கும் நடுவில் நைலான் கொடி. ஃபேனுக்கு நேர் கீழே கட்டிவிட்டால் விடியற்காலைக்குள் ஜட்டி வரை காய்ந்துவிடும் சார்.

சார்: லேப்டாப்பைத் திறந்ததிலிருந்து இப்போதுதான் உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறாய். முதலில் அதை வரை.

தம்பி: (வரைந்துகொண்டே) பில்லில் கொடி யூனிட் என்று போட்டுக்கொள்ளலாமா சார்?