சால்வை மட்டும் போதாது, புல்லும் வேண்டும்
நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையலுக்கு (எம்பிராய்டரி) 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் அந்த மரபு இனி பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். குறியீடு கிடைத்தது ரொம்ப நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஊட்டிப் பக்கம் ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வயதான அம்மா ஒருவர் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சால்வைக்கான வெள்ளைத் துணியில் ஒரு கோடுகூட வரையவில்லை. விரல் நுனியால் இழையை எண்ணி எண்ணி ஊசியை இறக்குகிறார். சிவப்பும் கருப்பும்தான் நூல். நாம் பின்பக்கம் என்று நினைக்கிற, நூல் புடைத்து நிற்கும் பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கமாம்!

ஆனால் தோடர் வாழ்க்கை எருமையைச் சுற்றியது. அவர்கள் கோயிலே எருமைப்பாலைக் கடையும் ஒரு பால்மனைதான். அதன் கூரை வேய, சதுப்பில் வளரும் தனி வகைப் புல் வேண்டும். வெள்ளைக்காரர்கள் நட ஆரம்பித்து, சுதந்திரத்துக்கு அப்புறம் நாமும் நட்ட சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் அந்தப் புல்வெளிகளை விழுங்கிவிட்டன. மேய்ச்சலும் போச்சு, கூரைப் புல்லும் அரிதாகிவிட்டது. புல்வெளியை மீட்கச் சீகையை வெட்டி எடுக்கும்போது, எங்கே எந்தப் புல் இருந்தது என்று தயவுசெய்து மந்துப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.