தாளைப் படுக்கையாகப் போட்டு அடியுங்களேன்!

கடிதத்துக்குத் தாள் நெட்டாக நிற்க வேண்டும், அது போர்ட்ரெயிட். நிரல்கள் நிறைந்த பட்டியலுக்குத் தாள் படுத்துக் கிடக்க வேண்டும், அது லாண்ட்ஸ்கேப். நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருப்பவர்களுக்கு இதுகூடவா தெரியாது? கிளிநொச்சியில் எந்தப் படிவத்தை வாங்கினாலும் இதே கூத்துத்தான்.

பெரும்போகப் பசளை மானியப் பட்டியலை எடுங்கள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், வயல் ஏக்கர், வங்கிக் கணக்கு, கையொப்பம். எக்ஸெல் தன்பாட்டில் போர்ட்ரெயிட்டில்தான் அடிக்கும். அகலத்துக்குள் அடங்காத நிரல்களை வெட்டி அடுத்த தாளில் தள்ளிவிடும். அப்புறம் என்ன, பெயர்கள் ஒரு தாளில், வெறும் கையொப்பக் கட்டங்கள் இன்னொரு தாளில்! வட்டக்கச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா ஒருவர், "தம்பி, என்ர பெயர் எங்க கிடக்கு? எதில கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்கிறார். அலுவலர் விரல் வைத்துக் கட்டங்களை எண்ணுகிறார். ஒரு வரி தவறினால் அந்த அம்மாவின் மானியத்துக்கு யார் பொறுப்பு?

சொன்னால் செய்கிற திருத்தம் அதைவிடக் கொடுமை. எல்லாவற்றையும் சுருக்கி அதே நெட்டுத் தாளில் திணிக்கிறார்கள். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர், அகலம் 210. படுக்கையாக அடிக்க வேண்டியதை அந்த அகலத்துக்குச் சுருக்கினால் 10 புள்ளி எழுத்து 7 ஆகிவிடும். கீழே பாதித் தாள் சும்மா கிடக்கும். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை அந்தக் கட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள், தெரியும். கண் மங்கிய ஐயா ஒருவர் "விடு தம்பி" என்று பேனையைத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறார். வயிறு எரிகிறது. இடம்பெயர்ந்து, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்து, 2009க்குப் பிறகு ஒவ்வொரு கடதாசிக்கும் அலைந்த சனம் இது. அவர்கள் கையில் கொடுக்கிற தாளையாவது ஒழுங்காக அடிக்கக் கூடாதா?

பேஜ் லேஅவுட்டுக்குள் போய் ஓரியன்டேஷனில் லாண்ட்ஸ்கேப்பைத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் அடிப்பதென்றால் குறுகிய விளிம்பில் புரளும்படி கொடுங்கள். இல்லாவிட்டால் கொப்பி மாதிரிப் புரட்டும்போது பின்பக்கம் தலைகீழாக நிற்கும்.

போட்டோக்கொப்பியும் பிரிண்டும் அடிக்கிற கொமினிகேசன் கடைத் தம்பிமாரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். அடிக்க முன்னம் பிரிவியூவை ஒருக்கால் பாருங்கள். பிழையாக அடித்த தாளுக்கும் அந்தச் சனத்திடம்தானே காசு வாங்குகிறீர்கள்?