மாரிஸ் சாதனைக்கு நட்சத்திரக் குறி போட்டார்களா?

பரவும் தகவல்: 1961இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ரோஜர் மாரிஸ் அடித்த 61 ஹோம் ரன்களுக்குப் (அடித்தவர் எல்லாத் தளங்களையும் ஒரே அடியில் சுற்றி வரும் ரன்) பக்கத்தில், பேஸ்பால் ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் சாதனைப் புத்தகத்தில் நட்சத்திரக் குறி (*) போடவைத்தார்.

உண்மை: அந்தக் குறி சாதனைப் புத்தகத்தில் ஏறவே இல்லை. முந்தைய சாதனையாக 1927இல் பேப் ரூத் என்ற வீரர் 60 அடித்தது 154 ஆட்ட சீசனில். 1961இல் அமெரிக்கன் லீக் என்ற போட்டித் தொடர் சீசனை 162 ஆட்டங்களாக்கியது. 154 ஆட்டங்களுக்குள் ரூத்தை முந்தாவிட்டால் தனித்துக் காட்டும் அடையாளம் வேண்டும் என்று ஜூலையில் ஃப்ரிக் அறிவித்தார். நட்சத்திரக் குறி என்று எடுத்துக்கொடுத்தவர் செய்தியாளர் டிக் யங். அந்த வரம்பில் மாரிஸ் 59இல் நின்றார். 61ஆவது வந்தது அக்டோபர் 1, கடைசி ஆட்டத்தில். ரூத்தின் 60, மாரிஸின் 61 இரண்டும் தனித்தனியாகப் பதிவாயின, அவ்வளவுதான். 1991இல் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு அந்தப் பிரிவினையையும் நீக்கியது.

ஃப்ரிக் மேல் நியாயமாகச் சொல்லக்கூடிய குறை வேறு: முன்பு ரூத் பெயரில் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதிக்கொடுத்தவரே இதில் தீர்ப்பும் சொன்னார்.