கையெழுத்து இல்லாத தடை

ஒரு படத்துக்கு எதிர்ப்பு கிளம்பினால் உடனே நாம் நடிகர் பக்கமா, கட்சி பக்கமா என்று பிரிந்து நின்றுவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. படத்தை நிறுத்தச் சொன்னது யார்? எந்தச் சட்டப் பிரிவில்? கையெழுத்து யாருடையது?

2013-ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 25 அன்று கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வர வேண்டும். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. சென்சார் சான்றிதழ் கையில் இருக்கும்போதே மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டு 15 நாள் தடுத்தார்கள். 29-ஆம் தேதி இரவு உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அந்தத் தடையை நிறுத்தி வைத்தார். மறுநாளே அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அவருடைய உத்தரவை நிறுத்தி வைத்தது. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களில் ஒலியை நீக்கி, பிப்ரவரி 7 அன்று படம் வந்தது. 524 தியேட்டருக்குப் பாதுகாப்பு கொடுக்க 56 ஆயிரத்துக்கும் மேல் போலீஸ் வேண்டும் என்பது அன்றைய முதல்வர் ஜெயலலிதா சொன்ன காரணம்.

இந்தக் காரணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில்தான். இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழை மெட்ராஸ் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பேச்சுரிமையைப் பலி கொடுக்க முடியாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை, எங்களால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. தீர்ப்பை முழுமையாக ஏற்கிறேன்.

ஆனாலும் 'விஸ்வரூபம்' விஷயத்தில் உத்தரவுத் தாள் என்று ஒன்று இருந்தது. அதனால்தான் வழக்குப் போட முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று 'தலைவா' கேரளாவிலும் வெளிநாடுகளிலும் ஓடியது, தமிழ்நாட்டில் ஓடவில்லை. அரசு எந்தத் தடை உத்தரவும் போடவில்லை. தியேட்டர்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது, உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 20 அன்று படம் இங்கே வந்தபோது தலைப்போடு இருந்த 'டைம் டு லீட்' என்ற மூன்று சொல் காணாமல் போயிருந்தது. நீக்கச் சொல்லி எந்த உத்தரவும் வெளியே வரவில்லை. இல்லாத உத்தரவை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது?

2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' இன்னொரு வகை. நவம்பர் 6 அன்று ரிலீஸ். இலவச மிக்சியைத் தீயில் போடும் காட்சிக்கும் ஜெயலலிதாவின் இயற்பெயர் என்று சொல்லப்பட்ட 'கோமளவல்லி'யை வில்லிக்கு வைத்ததற்கும் எதிர்ப்பாக, அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வினர் தியேட்டர் வாசலில் பேனரைக் கிழித்தார்கள். ஒன்பதாம் தேதிக்குள் வெட்டு முடிந்துவிட்டது.

தயாரிப்பாளர் ஏன் இவ்வளவு சீக்கிரம் பணிகிறார் என்று கேட்பவர்கள் தொழில் கணக்கைப் பார்க்க வேண்டும். பெரிய படத்தின் பணம் முதல் மூன்று நான்கு நாளில்தான் வருகிறது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று பணம், கொடுத்த விநியோகஸ்தர் ஒரு பக்கம் போன் அடிப்பார். அவசர மனு என்றாலும் எண்ணிட்டு, பட்டியலில் வந்து, அரசுத் தரப்பு அவகாசம் கேட்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வழக்கில் ஜெயித்தாலும் அந்த வார இறுதி திரும்பாது.

வெட்டும் முறையைக் கவனித்தால் வேதனையாக இருக்கும். சான்றிதழ் வாங்கிய படத்தில் தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. எந்த நிமிடம், எந்த நொடி, என்ன மாற்றம் என்று பட்டியல் போட்டு அவரே சென்சார் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் அது சாஸ்திரி பவன். அங்கே ஒப்புதல் வாங்கிய பிறகுதான் புது டிஜிட்டல் பிரதி தியேட்டருக்குப் போகும். வாசலில் கல் எறிந்தவரின் பெயர் அந்தக் கோப்பில் இருக்காது. விண்ணப்பதாரர் விருப்பப்பட்டு மாற்றினார் என்றுதான் பதிவாகும். 2025-இல் எதிர்ப்புக்குப் பிறகு மலையாளப் படமான 'எம்புரான்'-இல் 24 இடங்களில், 2 நிமிடம் 8 நொடி இப்படித்தான் போனது. வில்லன் பெயரும் மாறியது. 'தன்னிச்சையான நீக்கம்' என்ற சொல்லை நாம் செய்தியில் சாதாரணமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

நமக்குப் பிடிக்காத படத்துக்கும் இதே அளவுகோல்தான். 2023 மே மாதம் 'தி கேரளா ஸ்டோரி' இங்கே இரண்டு மூன்று நாளில் திரையைவிட்டுப் போனது. கேரளாவில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டார்கள் என்று அந்தப் படம் பரப்பிய எண்ணுக்கு ஆதாரம் இல்லை, அது விஷப் பிரச்சாரம் என்பது என் கருத்து. அந்த எண்ணுக்கு ஆதாரமில்லை என்று மறுப்பு வாசகம் போட உச்ச நீதிமன்றமே சொன்னது. அதே நாளில் மேற்கு வங்கத்தின் தடையை நிறுத்தி வைத்து, தியேட்டருக்குப் பாதுகாப்பு கொடுக்கும்படி தமிழ்நாட்டுக்கும் உத்தரவிட்டது. இரண்டும் சரி.

அந்த வழக்கில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நாங்கள் தடை செய்யவில்லை, தியேட்டர்காரர்கள் தாங்களாகவே எடுத்தார்கள் என்று தமிழக அரசு எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. தயாரிப்பாளர் சங்கமும் தியேட்டர் உரிமையாளர்களும் இதை வழக்கமாக்க வேண்டும். மிரட்டல் வந்த அன்றே, எந்தெந்தத் தியேட்டர், எத்தனை காட்சி என்று குறிப்பிட்டு, பாதுகாப்பு தருவீர்களா மாட்டீர்களா என்று காவல் ஆணையருக்கும் உள்துறைக்கும் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட வேண்டும். முடியாது என்று பதில் வந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். பதிலே வராவிட்டாலும் அந்த முத்திரையை வைத்துப் போகலாம்.